பாதி ரூமுக்குப் பச்சை

வாங்க, உள்ள வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டுமுங்க, ஆரும் எடுக்க மாட்டாங்க. பக்கத்து ஊட்டுக்குக் குடி வந்திருக்கறது நீங்கதானுங்களா? பால் காய்ச்சுனப்பக் கூப்பட்டீங்களாம், எங்கூட்டுக்காரரு சொன்னாரு. அன்னிக்கு எங்க கம்பெனியில ஷிப்மென்ட்டுங்க. செத்தா மட்டும்தான் லீவு, அதுவும் நாம செத்தாத்தான். இப்படி சேர்ல உக்காருங்க. டீ வெக்கறேன்.

நீங்க எங்க பாக்கறீங்கன்னு தெரியுதுங்க. அந்த ரூமுதான். எங்கூட்டுக்கு வர்ற ஒவ்வொருத்தரும் மொதல்ல அதத்தான் பாப்பாங்க. கதவு தொறந்துதான இருக்குது, நல்லாவே பாருங்க. இந்தப் பக்கம் ரோஸு, அந்தப் பக்கம் பச்சை. நடுவுல நூல் புடிச்ச மாதிரி கோடு. கேஸ் சிலிண்டரு போட வந்த பையன்கூட, "பெயிண்ட்டு தீந்துபோச்சுங்களா அக்கா"ன்னு கேட்டுட்டுத்தான் போனான்.

உங்க காதுக்கு இந்நேரம் வந்திருக்குமுங்க. நம்ம வீதியில தண்ணி புடிக்கற எடத்துல வேற என்ன பேச்சு? ரெண்டாந்தாரமா வந்தவ, மொத சம்சாரத்துப் புள்ளைக்கும் அவ பெத்த புள்ளைக்கும் ரூமை வகுந்து உட்டுட்டா. தன் புள்ளைக்குப் புதுப் பெயிண்ட்டு, அந்தப் புள்ளைக்குப் பழைய பச்சை. அப்படித்தான சொன்னாங்க? நீங்க சொல்ல வேண்டாமுங்க, உங்க மொகத்துல தெரியுது. நான் யாருகிட்டயும் போய் வெளக்கஞ் சொல்ற ஆளு இல்லீங்க. ஆனா நீங்க பக்கத்து ஊடு. நாளைக்குக் ஒரு கரண்டி மாவு கடன் கேக்கோணும்னாலும் உங்ககிட்டத்தான் வரோணும். அதனால உங்களுக்கு மட்டும் சொல்றேன்.

எம்பேரு கோகிலவாணி. பனியன் கம்பெனியில ஓவர்லாக் மிசின் டெய்லரு. இவரு குழந்தைவேலு, குட்டியானை லோடு வண்டி ஓட்டறாரு, சாயப்பட்டறையில இருந்து துணி ஏத்திட்டு வந்து கம்பெனி கம்பெனியா எறக்குவாரு. அப்படித்தான் பழக்கம். நான் மொதல்ல கட்டுனவரு அவிநாசில இன்னொரு குடும்பமும் வெச்சிருந்தாருங்க. தெரிஞ்ச அன்னிக்கே எம்பொண்ணு கனிஷ்காவ இடுப்புல தூக்கிட்டு, கட்டுன சீலையோட வந்துட்டேன். அவரு பின்னாலயே வந்து கெஞ்சுனாரு. திரும்பிப் பாக்கல. நான் அப்படித்தான். இவருக்கு மொத சம்சாரம் வசந்தாமணின்னு. கிட்னி ரெண்டும் போயி, படுக்கையாக் கெடந்து செத்துப்போச்சு. ஒரே பொண்ணு, பவதாரிணி. நான் இந்த ஊட்டுக்கு வர்றப்ப அவ எட்டாவது. இப்பப் பத்தாவது. கனி அஞ்சாவது.

நல்ல மனுசனுங்க எங்கூட்டுக்காரரு. குடி இல்ல, சீட்டு இல்ல. வாய்தான் கெடையாது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசுனா அதிகம், அதுலயும் பாதி வண்டிகிட்டப் பேசுவாரு. எனக்குத் தெரியாம ஒரு துரும்பு நவுத்த மாட்டாருன்னு நெனச்சுட்டு இருந்தேன். அத அப்பறம் சொல்றேன்.

அந்த ரூமை நீங்க அப்பப் பாத்திருக்கோணுமுங்க. ரூமா அது? ஒரு மூலையில வண்டி டயரு. ஒரு மூலையில ஓடாத கிரைண்டரு. தார்ப்பாய் மடிச்சு வெச்சது, அதுக்கு அடியில எலி. பாத்ரூம் பக்கத்துச் சுவரு பூராவும் ஓதம் ஏறி, பச்சைப் பெயிண்ட்டு பத்தை பத்தையா உரிஞ்சு தொங்குது. நடுவுல ஒரு இரும்புக் கட்டிலு. வசந்தாமணிக்கு அவங்கப்பன் ஊட்டுல சீராக் குடுத்தது. அதுலதான் பவா படுப்பா. எம்பொண்ணு கீழ பாயில. ராத்திரி பாத்ரூம் போக அவ எறங்குனா இவ கால மிதிப்பா. இவ கத்துவா. அவ மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டா, "நடுவுல படுத்தா மிதிக்கத்தான் செய்வாங்க"ன்னு சொல்லுவா. எதுக்கும் கோவமாப் பேச மாட்டாளுங்க. கணக்கு டீச்சராட்டம் பேசுவா.

என்னைய அவ அம்மான்னு கூப்பட்டதே இல்ல. சித்தின்னும் இல்ல. "ஏனுங்க"ம்பா. பஸ்ஸுல பக்கத்து சீட்டுல இருக்கறவள, கொஞ்சம் தள்ளி உக்காருங்கன்னு சொல்ற மாதிரி. எனக்கு அதுல ஒண்ணும் இல்லீங்க. வாயில வர்றததான கூப்படுவாங்க. எனக்கு அதுல துளிகூட வருத்தம் இல்ல.

ஒரு நாளு கனி, படுத்துக்கிட்டே பென்சில்ல அந்தப் பச்சைச் சுவத்துல ஒரு பூனை வரஞ்சுட்டா. சின்னப் பூனைதான். பவா பாத்துட்டு அவ கையில இருந்து பென்சிலப் புடுங்கி ரெண்டா ஒடிச்சுட்டா. "இது எங்கம்மா அடிச்ச சுவரு, இதுல கிறுக்குனா கைய ஒடிப்பேன்"னு சொன்னாளாம். கனி எங்கிட்ட வந்து அழுகறா. அப்பத்தான் எனக்கே தெரியும், வசந்தாமணி ஒடம்பு நல்லா இருந்த காலத்துல தானே ஸ்டூல் போட்டு ஏறி அடிச்ச பெயிண்ட்டாம் அது.

சரி, அடிச்சா. இருக்கட்டும். ஆனா நீங்களே சொல்லுங்க, செத்தவங்க பேரச் சொல்லி ஒரு சுவரு எத்தனை நாளைக்கு உரிஞ்சு உரிஞ்சு நிக்கும்? சோத்துத் தட்டுல பெயிண்ட்டு உழுந்தா ஆரு திங்கறது? இந்த ஊட்டுல எல்லாமே அப்படித்தானுங்க இருந்துச்சு. மொளகாப்பொடி டப்பா வசந்தாமணி வெச்ச எடத்துல. சாமி படம் அவ மாட்டுன ஆணியில. நான் புளி டப்பாவ ரெண்டு தட்டு கீழ எறக்கி வெச்சா, சாயங்காலம் வந்து பாக்கறப்ப பழைய எடத்துக்கே போயிருக்கும். யாரு வெச்சான்னு நான் கேட்டதில்ல. நானெல்லாம் பொறந்த ஊட்டுலயும் நூல் மூட்டைக்கு நடுவுல படுத்து வளந்தவ. அவிநாசி ஊடு மாமியா ஊடு. எனக்குன்னு ஒரு ஆணிகூட எங்கயும் இருந்ததில்லீங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, சும்மா சொல்றேன். ரூமைச் சரி பண்ணுனது புள்ளைகளுக்காக.

எங்கூட்டுக்காரருகிட்டச் சொன்னேன். "ஏனுங்க, அந்த ரூமுக்குப் பெயிண்ட்டு அடிச்சு, ரெண்டு புள்ளைகளுக்கும் படுக்கறதுக்கு ஒரு வழி பண்ணிரலாமுங்க."

"வண்டி டியூவே ரெண்டு மாசம் நிக்குது"ன்னாரு.

"உங்ககிட்ட ஆரு காசு கேட்டா? நான் பண்றேன்."

கொஞ்ச நேரம் சாப்பட்டாரு. அப்பறம், "பவாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."ன்னு இழுத்தாரு.

"புள்ளைக்கு நல்லது பண்றதுக்குப் புள்ளைகிட்ட எதுக்குங்க கேக்கோணும்?"

அவரு கை கழுவப் போயிட்டாரு. சரின்னு அர்த்தம். நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

காலாண்டுப் பரீட்சை லீவுக்கு பவா காங்கேயத்துல இருக்கற அவ அத்தை ஊட்டுக்குப் போனா. ருக்குமணின்னு எனக்கு நங்கையா முறை, எங்கூட்டுக்காரருக்கு அக்கா. அந்த லீவுலதான் ஆரம்பிச்சேன். அவ இல்லாத நேரம் பாத்து ஆரம்பிச்சேன்னு நங்கையா ஊரெல்லாம் சொல்லுச்சு. ஆமாங்க, இல்லாத நேரம் பாத்துத்தான் ஆரம்பிச்சேன். வந்து பாத்து அசந்து போகோணும்னு நெனச்சேன். அது தப்புங்களா?

காசில்லாமப் பண்ணுனேனுங்க, அதச் சொன்னா நம்ப மாட்டீங்க. பெயிண்ட்டுக் கடையில மிசின்ல கலர் கலக்கறாங்கல்ல, சில டப்பா தப்பாப் போயிரும். அத வாங்குனவங்க வேண்டாம்னுட்டா கடைக்காரரு ஓரமா வெச்சிருப்பாரு, கேட்டா அள்ளிக் குடுக்கற வெலைக்குக் குடுப்பாரு. நான் போனப்ப ஒண்ணு இருந்துச்சு. ஏதோ பெரிய ஊட்டம்மா கேட்டுக் கலந்ததாம். "வெங்காயத் தோலாட்டம் இருக்குது"ன்னு உட்டுட்டுப் போயிருச்சாம். எனக்கு ரோசாப்பூவாட்டம்தான் தெரிஞ்சுது. பாருங்களேன், வெங்காயத் தோலாட்டமா இருக்குது? சரி, சாயங்கால வெளிச்சத்துல கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்.

டயர வண்டிமேல ஏத்துனேன். கிரைண்டரப் பழைய இரும்புக்குப் போட்டேன். நானும் கனியும் துணியக் கட்டிக்கிட்டு சுவரு பூராவும் சொரண்டுனோம். சாக்குல அள்ளுனா பச்சை பச்சையா சில்லு. ஓதத்துக்கு சிமெண்ட்டுப் பால் அடிச்சு, காய உட்டு, அது மேல ரோஸு. கையி தோள்பட்டையோட கழண்டு உழுந்துருமாட்டம் வலிச்சுது. அடுத்த நாள் ஓவர்லாக் மிசின்ல உக்காந்தா துணி நேராப் போகல, சூப்பர்வைசர்கிட்டத் திட்டு. ஜன்னலுக்குத் திரை பாருங்க, எத்தனை கலரு. எல்லாம் கட்பீஸு. வெள்ளைக்காரன் ஊட்டுப் புள்ளைகளுக்குப் போற பனியன்ல வெட்டிப் போட்டது. கம்பெனியில பொட்டி வர்ற மரச்சட்டத்தக் கேட்டு வாங்கி, இழச்சு, புஸ்தகம் வெக்கறதுக்கு ஸ்டாண்டு. அந்த நூல் கோன் இருக்குதுல்ல, காலிக் கோனு, அதுக்குள்ள சீரியல் பல்பு உட்டுச் சுவத்துல மாட்டுனா கோயில் நோம்பியாட்டம் இருக்குது. கனி அதப் போட்டுப் போட்டு அணைச்சு ஒரு நாள் பூரா வெளையாண்டா.

அப்பறம் கட்டிலு.

அதப் பத்தித்தான் வீதியில நெறையப் பேசிருப்பாங்க. ரெண்டு கட்டிலு போட அந்த ரூமுல எடமில்லீங்க. மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு கட்டிலு வருதுல்ல, அது புதுசா வாங்கற வெலைய விசாரிச்சுட்டு வாய மூடிக்கிட்டேன். முக்குல இருக்கற வெல்டிங் பட்டறைக்காரரு, "அக்கா, உங்க ஊட்டுக் கட்டில் நல்ல கனமான இரும்பு, கால அறுத்துட்டு நாலு கம்பி நட்டா மேல் தட்டு ஆயிரும், கீழ் தட்டுக்குப் பழைய பைப்பு போட்டுத் தர்றேன்"னாரு. சரின்னேன்.

அது வசந்தாமணி சீர்க் கட்டிலுன்னு எனக்குத் தெரியும். அதுல படுத்துக் கெடந்துதான் அது போச்சுன்னும் தெரியும். தெரிஞ்சேதான் அறுக்கச் சொன்னேன். தெரியாமப் பண்ணுனேன்னு ஆரும் எனக்காகப் பரிஞ்சு பேச வேண்டாம். ஒரு புள்ள, அவங்கம்மா உசிரு போன எடத்துலயே தெனமும் தலைய வெச்சுப் படுக்கறது நல்லதுங்களா? அதயும் ஒரு நல்ல எண்ணத்துலதான் பண்ணுனேன். மேல் தட்ட பவாவுக்குன்னு வெச்சேன். அவ மூத்தவ, அவளுக்கு உசந்த எடம். எம்பொண்ணக் கீழதான் போட்டேன். இத மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க, பாருங்க.

பட்டறையில அறுக்கறப்ப நான் நிக்கல. கம்பெனிக்கு நேரமாச்சு.

லீவு முடிஞ்சு பவா வந்தா. அவங்கப்பா பஸ் ஸ்டாண்டுல இருந்து கூட்டிட்டு வந்தாரு. நான் கேசரி கிண்டி வெச்சிருந்தேன். கனி அவ கையப் புடிச்சு இழுத்துட்டு ரூமுக்குள்ள ஓடுனா. "அக்கா, கண்ண மூடு, கண்ண மூடு"ன்னுட்டு. சீரியல் பல்பப் போட்டா. நான் கதவோரத்துல நிக்கறேன்.

அவ நாலு சுவத்தையும் பாத்தா. தலையத் தூக்கி மேல பாத்தா. 

"கட்டில் எங்கீங்க?"ன்னா.

"இதுதான் சாமி. மேல் தட்டு உங்கம்மா கட்டிலுதான். காலு மட்டும்தான் மாத்திருக்குது."

வெல்டிங் வெச்ச எடத்தத் தொட்டுப் பாத்தா. அங்க பெயிண்ட்டு சரியா ஒட்டாம முண்டு முண்டா இருக்கும். அதயே வெரலால தடவிட்டு நின்னா.

"சரிங்க"ன்னா.

அவ்வளவுதான். பையத் தூக்கிட்டு வெளிய வந்து, இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, இந்த எடத்துல, பிரிட்ஜுக்குப் பக்கத்துல வெச்சா. அன்னிக்கு ராத்திரி பாய எடுத்து இங்கயே போட்டுப் படுத்துட்டா. அழுதிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசிருப்பேனுங்க. கத்திருந்தா திருப்பிக் கத்திருப்பேன், எனக்கு அது நல்லா வரும். சரிங்கன்னு சொன்னா என்ன பண்றது? கேசரிய எடுத்து உள்ள வெச்சுட்டேன்.

ஒரு மாசத்துக்கு மேல இங்கதான் படுத்தா. புஸ்தகமெல்லாம் பிரிட்ஜு மேல. யூனிபாரம் கதவு ஆணியில. நான் மரத்த இழச்சு இழச்சு கையில சிராய் ஏறிப் பண்ணுன ஸ்டாண்டு அங்க காலியா நிக்குது. கனி தனியாப் படுக்கப் பயந்துக்கிட்டு எங்கூட வந்து படுத்தா. அத்தனை கஷ்டப்பட்டு ஜோடிச்ச ரூமுல ஆருமே படுக்கல. எங்கூட்டுக்காரரு ஒரு நாளு, "ஒரு வார்த்தை கூப்புடேன்"னாரு. நான் எதுக்குங்க கூப்படோணும்? ஹாலுல காத்து நல்லா வரும், அதுக்காகப் படுத்திருப்பா. அப்படித்தான் நானும் கேட்டவங்களுக்கெல்லாம் சொன்னேன். வேணும்னா ராத்திரி எந்திரிச்சுப் போர்வைய இழுத்து உடுவேன். ஃபேன் காத்து நேரா மூஞ்சிக்கு அடிக்குமுல்ல.

நங்கையா போன்ல வந்துருச்சு. "செத்தவ கட்டில அறுத்துப்போட்டயாமா, உனக்குக் கையி எப்படி வந்துச்சு"ன்னு.

"நான் அறுக்கலீங்க, வெல்டிங்காரர் அறுத்தாரு"ன்னேன்.

அது போன வெச்சிருச்சு.

அப்பறம் தீவாளிக்கு முன்னால ஒரு ஞாயித்துக்கெழமை. கம்பெனியில ஓ.டி. சாயங்காலம் ஊட்டு வாசலுக்கு வர்றப்பவே பெயிண்ட்டு வாசம். எனக்குச் சட்டுன்னு ஒண்ணும் புரியல. செருப்பக்கூடக் கழட்டாம உள்ள போனேன்.

பவா ஸ்டூல் மேல நிக்கறா. தலையில என்னோட பழைய துண்டு. கையில பிரஷ்ஷு. கீழ கனி பெயிண்ட்டு ஊத்துன மக்கு ஏந்திக்கிட்டு நிக்கறா, மூக்கெல்லாம் பச்சை. சுவத்துல மேல இருந்து கீழ வரைக்கும் நடுவுல பொட்டி ஒட்டற டேப்பு ஒட்டி, அந்தப் பக்கம் பூராவும் பச்சை அடிச்சுட்டு இருக்கறா. நான் சொரண்டி, ஓதத்துக்குப் பால் அடிச்சு, ரெண்டு கை ரோஸு அடிச்ச சுவரு. அது மேல பச்சை.

அந்தப் பச்சை எங்க கெடச்சுதுன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. நான் சாக்குல அள்ளுன சில்லு குப்பை வண்டி வராம பின்னால சந்துலயே கெடந்திருக்குது. அதுல ஒண்ண எடுத்துத் தொடச்சு, பொட்டலமாக் கட்டி, பெயிண்ட்டுக் கடையில கொண்டு போய்க் காட்டி, இதே கலரு வேணும்னு கலக்க வெச்சிருக்கறா. காசு, அவங்கப்பா தீவாளித் துணிக்குன்னு குடுத்தது. டப்பாவ ஊட்டுக்குக் கொண்டு வந்தது ஆருன்னு நெனைக்கறீங்க? குட்டியானை. வாயில்லாத மனுசன்னு சொன்னேனே, அந்த மனுசன் முன் சீட்டுல டப்பாவ வெச்சு, வாசல்ல எறக்கிக் குடுத்துட்டு, ஒண்ணுந் தெரியாதவராட்டம் லோடுக்குப் போயிட்டாரு. இந்தக் கனிப் புள்ள, நான் பெத்த புள்ள, மக்கு ஏந்திக்கிட்டு நிக்கறா. மூணு பேரும் ஒரு கட்சி. நான் ஒருத்திதான் மடச்சி.

"என்னடி பண்ற?"ன்னேன். கையையும் ஓங்கிட்டேனுங்க. இல்லைன்னு சொல்லல.

அவ ஸ்டூல உட்டு எறங்கல. பயப்படவும் இல்ல. "என்ற பாதிக்கு அடிக்கறேன்"னா.

"ஆரக் கேட்டு அடிக்கற?"

"நீங்க ஆரக் கேட்டு அடிச்சீங்க?"

 ஓவர்லாக் செக்ஷன்ல என்னோட வாய்க்குச் சூப்பர்வைசரே ஒதுங்கிப் போவான், கேட்டுப் பாருங்க. இவ ஸ்டூல்ல நின்னுட்டு என்னையவே கேள்வி கேக்கறா.

கனி சொல்றா, "அம்மா, என்ற பாதிய அக்கா தொடவே இல்லம்மா. அளந்து டேப்பு ஒட்டுச்சு. எனக்கு ரோஸு புடிக்கும்னு சொன்னேன், சரி வெச்சுக்கன்னு சொல்லிருச்சு."

பாருங்க, கனியோட பாதிக்குக் கனிய அவ கேட்டிருக்கறா.

ஓங்குன கைய எறக்குனேன். அப்பத்தான் சுவத்தப் பாக்கறேன். என்னங்க அடி அது? பிரஷ்ஷ நட்டமா நட்டு, மாடு நக்குன மாதிரி அடிச்சு வெச்சிருக்கறா. ஒரு எடத்துல திட்டுத் திட்டா, ஒரு எடத்துல வழிஞ்சு கீழ வரைக்கும் ஓடுது. மேல ஒரு முழத்துக்கு கையி எட்டாம அப்படியே ரோஸு. நாளைக்கு அத ஆராவது பாத்தா ஆரச் சொல்லுவாங்க? என்னையத்தான சொல்லுவாங்க. எனக்குத் தொழில்ல அசிங்கமா இருந்தா ஆகாதுங்க. அதுக்காகத்தான், வேற எதுக்கும் இல்ல.

"எறங்குடி"ன்னேன்.

"மாட்டேன்."

"எறங்கிப் பிரஷ்ஷக் குடு. மேல எட்டலீல்ல. தண்ணி எத்தனை ஊத்துன?"

அவ என்னையவே பாத்தா. அப்பறம் எறங்குனா. நான் சீலைய இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறுனேன். மேல இருந்து கீழ இழுக்கோணும், ஒரே இழுப்பா இழுக்கோணும், திரும்பிப் போகக் கூடாதுன்னு திட்டிக்கிட்டே மேல ஒரு முழத்தையும் அடிச்சேன். அந்தப் பச்சைய நான்தான் அடிச்சேனுங்க. இத நம்ம வீதியில சொன்னா நம்ப மாட்டாங்க. நான் சொல்லவும் இல்ல. வழிஞ்ச எடத்தையெல்லாம் அவ துணியில தொடச்சுட்டே வந்தா. டேப்ப உரிக்கறப்ப மட்டும் எங்கிட்டக் குடுக்கல. தானேதான் உரிப்பேன்னுட்டா. உரிச்சா. கோடு நேரா வந்திருந்துச்சு. அதுல குத்தஞ் சொல்ல முடியாது.

அன்னிக்கு ராத்திரி பாய எடுக்கல. பெயிண்ட்டு வாசத்துல தல வலிக்கும், ஜன்னலத் தொறந்து உட்டுப் படுன்னேன். "சரிங்க"ன்னுட்டு மேல் தட்டுல ஏறிப் படுத்தா. கனி கீழ.

இத்தோட முடிஞ்சிருந்தா உங்கள உக்கார வெச்சு இத்தனை பேச மாட்டேன். தீவாளி முடிஞ்சு நங்கையா வந்துச்சு. காங்கேயத்துக்கு எப்படியோ சேதி போயிருச்சு, ரூமைப் பாதியா வகுந்துட்டாங்கன்னு. நம்ம வீதியில ஆரோதான் சொல்லிருக்கோணும். யாருன்னு எனக்குத் தெரியும், உங்களுக்கு மேல் மாடிதான், போகட்டும். நங்கையா நேரா ரூமுக்குள்ள போயி நின்னு பாத்துச்சு. வெளிய வந்து எங்கூட்டுக்காரரப் பாத்து, "ஏன்டா வேலு, புள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன். பத்தாவது பரீட்சைக்கு அங்க இருந்தே வந்து எழுதட்டும்"னுச்சு.

இவரு தரையப் பாக்கறாரு.

என்னையப் பாத்து, "எம் பொறந்தவன் குடும்பத்துக்குள்ள கோடு போட்டுட்டயேமா"ன்னுச்சு.

 நான்தான் கோடு போட்டேன்னு நெனச்சா நெனச்சுட்டுப் போகட்டும். புள்ள போட்டதுன்னு காட்டிக் குடுக்கறதுக்கு நான் ஆளில்ல. "ஆமாங்க, போட்டேன். ரெண்டு புள்ளைக இருக்கற ரூமு, அப்படித்தான் இருக்கும்"னேன்.

பவா சமையக் கட்டுல தண்ணி குடிச்சுட்டு இருந்தவ வெளிய வந்தா.

"அவங்க போடல அத்தை, நான்தான் போட்டேன்"னா.

"நீ எதுக்கு சாமி அவளுக்குப் பயந்துட்டு..."

"ஆருக்கும் பயந்துட்டுச் சொல்லல. அவங்க என்னையக் கேக்காம அடிச்சாங்க. நான் அவங்களக் கேக்காம அடிச்சேன். சரியாப் போச்சு."

"கட்டில அறுத்துட்டாளே, அதுவும் சரியாப் போச்சா?"

பவா கையில இருந்த டம்ளர பிரிட்ஜு மேல வெச்சா.  

"அது சரியாகல"ன்னா. "அது எனக்கும் அவங்களுக்கும். நான் பாத்துக்கறேன்."

நங்கையா அழுதுருச்சு. நல்ல மனசுதானுங்க அதுக்கு, தம்பி புள்ள மேல உசிரு. "சரி, ஒரு வாரமாச்சும் வந்து இருந்துட்டு வா"ன்னு கையப் புடிச்சுது. பவா கைய மெதுவா உருவிக்கிட்டா. உள்ள போயித் தலை சீவிட்டு வந்தா. கையில ஒரு துணிப் பை இருந்துச்சு. "அத்தைய பஸ் ஏத்தி உட்டுட்டு வர்றேன்"னு அவங்கப்பாகிட்டச் சொன்னா. எங்கிட்டச் சொல்லல. பையி எதுக்குன்னு அவரும் கேக்கல, நானும் கேக்கல.

போனவ வரல. பஸ் ஸ்டாப்பு தெரியுமுங்களே உங்களுக்கு, பேசிக்கிட்டே நடந்தாலும் எத்தனை தூரம்? காங்கேயம் பஸ்ஸு அடிக்கடி வரும். இருட்டற நேரமாச்சு. நான் ஒண்ணும் வாசலப் பாத்துட்டு நிக்கலீங்க. தண்ணி வருதான்னு பாக்க நின்னேன். அன்னிக்குத் தண்ணி வர்ற நாள் இல்லதான், ஆனா சில சமயம் உடுவாங்க. கொடத்த வெச்சுட்டு நின்னேன். மேல் மாடிக்காரி எட்டிப் பாத்து, "என்ன, புள்ள போயிருச்சா?"ன்னா. "எம் புள்ள எங்க போகுது, கடைக்குப் போயிருக்குது"ன்னேன். அவளுக்கும் என்னமோ ஒண்ணு சொல்லோணுமில்ல.

எங்கூட்டுக்காரரு வண்டிச் சாவிய எடுத்தாரு. "ஒண்ணும் தேட வேண்டாம், போனாப் போகட்டும்"னேன். சாவிய மாட்டிட்டாரு. எதுக்குங்க அந்த மனுசன் நான் சொல்றதையெல்லாம் கேக்கறாரு? அன்னிக்கு மட்டும் கேக்காமப் போயிருந்தா என்ன?

அப்பறம் வந்தா. வீதி முக்குல அவ நடையப் பாத்தே தெரிஞ்சுது. பையி நெறைய என்னமோ இருந்துச்சு. நங்கையா கட்டாயப்படுத்தி வாங்கிக் குடுத்த முறுக்கும், கொய்யாக்காயும். பஸ்ஸு ரெண்ட உட்டுட்டு மூணாவதுல ஏத்தி உட்டாளாம். அத்தை அழுதுட்டே இருந்துச்சாம்.

நான் கொடத்தத் தூக்கிட்டு உள்ள வந்தேன்.

பின்னாலயே வந்து, "ஏனுங்க, மாவு இருக்குதுங்களா?"ன்னா.

"பிரிட்ஜுல இருக்குது. வேணும்னா சுட்டுக்க. எனக்குத் தெம்பில்ல."

சுட்டா. கனிக்கு ஒண்ணு, அவங்கப்பாவுக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணு. நான் இந்தச் சேர்ல உக்காந்து துணி மடிச்சுட்டு இருக்கறேன். ஒரு தட்டக் கொண்டு வந்து என் மடியில இருந்த துணிக்குப் பக்கத்துல வெச்சுட்டுப் போயிட்டா. பாத்தா ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மாவு. உப்பும் பத்தல. அவளுக்கு அடுப்பு வேல வராதுங்க, பெயிண்ட்டு அடிக்கற மாதிரிதான் தோசையும் ஊத்துவா.

தின்னேன். தின்னுட்டு, "இன்னொண்ணு ஊத்து"ன்னு கேட்டேனுங்க.